ஏழடிப்பட்டத்தில் ஒரு யூசர்நேம்

சித்தன்னவாசல்னு சொன்னதும் நம்ம எல்லாருக்கும் ஞாபகம் வர்றது அறிவர் கோயில் ஓவியம்தான். தாமரைக் குளம், மீன், யானை, பூப்பறிக்கிற ஆட்கள். பஸ் ஏறிப் போனா முக்கால்வாசிப் பேர் அதைப் பார்த்துட்டு, கீழே பார்க்ல ஒரு செல்ஃபி எடுத்துட்டுத் திரும்பிடுவோம். குன்றோட இன்னொரு பக்கம் ஏறி ஏழடிப்பட்டம் வரைக்கும் போறவங்க கம்மி. பாறையில கால் வைக்க வெட்டின ஏழு படிகளால வந்த பேரு அது. உள்ள சமணத் துறவிகள் தங்கின குகைத்தளம், 17 கல்படுக்கைகள். அதுல பெரிய படுக்கை ஒண்ணுல தமிழி எழுத்துல ஒரு கல்வெட்டு இருக்கு. சுமார் 2000 வருஷப் பழசு.

அது சொல்ற விஷயம் ரொம்ப எளிமையானது: எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி ஈதன் என்பவருக்கு இளையர் இந்த இருக்கையைச் செய்து கொடுத்தார்.

இப்ப இதை நம்ம கண்ணால பாருங்க. பேர் இருக்கு. பிறந்த ஊர் இருக்கு. நாடு இருக்கு. ஒதுக்கப்பட்ட இடம் இருக்கு. உருவாக்கினவர் யாருன்னும் இருக்கு. டேட்டாபேஸ்ல ஒரு யூசருக்கு நாம போடுற வரிசை அப்படியே இருக்கு. பேக்கப் இல்லாம, சர்வர் இல்லாம, 2000 வருஷம் தாங்கின ரெக்கார்டு.

ஆனா ஒரு கேள்வி. ஒருநாள் சாயங்காலம் ஒரு ஆள் மேலே ஏறி வந்து, "நான்தான் காவுடி ஈதன், இது என் படுக்கை, எந்திரிங்க"ன்னு சொன்னா, அங்க இருக்கறவங்க எப்படிக் கண்டுபிடிப்பாங்க? கல்வெட்டு அதுக்கு உதவாது. அதைப் படிக்கத் தெரிஞ்ச யாரும் அந்தப் பேரைச் சொல்லிட முடியும். அந்தக் காலத்துல பிரச்சினை இல்லை, ஏன்னா கூட இருக்கறவங்களுக்கு முகம் தெரியும், குரல் தெரியும். சர்வருக்கு யாரோட முகமும் தெரியாது. அதனாலதான் இந்தக் கட்டுரை.

பேர் சொல்றது வேற, நிரூபிக்கறது வேற

"நான் இன்னார்"னு சொல்றது ஒரு வேலை. அதை மெய்ப்பிக்கறது இன்னொரு வேலை. மெய்ப்பிச்ச ஆளுக்கு எதை எல்லாம் தொட அனுமதின்னு முடிவு பண்றது மூணாவது வேலை. முதலாவது யூசர்நேம், ரெண்டாவது பாஸ்வேர்டோ கைரேகையோ, மூணாவது அட்மின் யார், மாணவர் யார்ங்கற பட்டியல். செமஸ்டர் பேப்பர்ல இந்த மூணையும் தனித்தனியா எழுதி மார்க் வாங்கிடுவோம். வெளியில வந்ததும் மூணையும் குழப்பிடுவோம்.

பெரிய குழப்பம் ஆதார்லதான். 12 இலக்க ஆதார் நம்பர் ஒரு யூசர்நேம். அவ்வளவுதான். அது ரகசியமா இருக்கணும்னு நினைச்சு உருவாக்கினது இல்லை, அதுவே ஒரு நிரூபணமும் இல்லை. அதோட கடைசி இலக்கம் மத்த 11 இலக்கத்துல இருந்து கணக்குப் போட்டு வர்றது. 1969-ல வெர்ஹோஃப்ங்கற டச்சுக் கணிதக்காரர் கொடுத்த முறை அது. ஒரு இலக்கத்தைத் தப்பா அடிச்சாலோ, பக்கத்துப் பக்கத்து இலக்கத்தை மாத்தி அடிச்சாலோ கண்டுபிடிச்சிடும். டைப்பிங் தப்பைத்தான் அது பிடிக்கும், திருடனைப் பிடிக்காது. நம்பர் செல்லும்ங்கறதுக்கும், நம்பரைக் கொடுத்த ஆள் அதுக்குச் சொந்தக்காரர்ங்கறதுக்கும் சம்பந்தமே இல்லை.

இருந்தும் லாட்ஜ்ல, ஹாஸ்டல் அட்மிஷன்ல என்ன நடக்குது? ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு வாங்கி ஃபைல்ல குத்தி வச்சுக்கறாங்க. அது கல்வெட்டைப் படி எடுத்துக் கொடுக்கற மாதிரி. படி யார் கையில வேணா இருக்கலாம். ஆதார்ல உண்மையான சோதனை எப்ப நடக்குதுன்னா, நம்பரோட கூட கைரேகை, கருவிழி, முகம், ஓடிபி இதுல ஒண்ணையாவது சேர்த்து ஆதார் ஆணையத்தோட சர்வருக்கு அனுப்பும்போதுதான். அங்க இருந்து வர்ற பதில் "ஆம்" அல்லது "இல்லை".

சித்தன்னவாசல் டிக்கெட் கவுண்டர்லயே இன்னொரு பாடம் இருக்கு. அது தொல்லியல் துறை கையில இருக்கற இடம், 15 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு டிக்கெட் கிடையாது. காவலருக்கு அந்தப் பையனோட பேர் வேணாம், ஊர் வேணாம், ஆதார் நம்பர் வேணவே வேணாம். "15-க்குக் கீழயா?" ஒரே கேள்வி. நாம வாங்குற டிக்கெட்டும் அப்படித்தான், அது யார் கையில இருக்கோ அவங்க உள்ள போகலாம். நீங்க லாகின் பண்ணதுக்கு அப்புறம் பிரவுசர்ல உட்கார்ந்திருக்கற குக்கியும் இதே ரகம். அதை ஒருத்தன் தூக்கிட்டுப் போனா உங்க பாஸ்வேர்டே அவனுக்குத் தேவையில்லை. லேப் சிஸ்டத்துல லாக் அவுட் பண்ணாம எந்திரிச்சுப் போறவங்க கவனிக்க. ஆனா இங்க சொல்ல வந்தது அது இல்லை. ஒரு ஆப் கட்டும்போது, "இந்த ஆள் யாரு?"ன்னு கேட்கறதுக்கு முன்னாடி, "எனக்கு அது தெரிஞ்சாகணுமா?"ன்னு கேட்டுக்கலாம். பாதி நேரம் வயசோ, மாணவரா இல்லையாங்கறதோ போதும்.

தெரிஞ்சது

நிரூபிக்கற வழிகளை மூணு வகையாப் பிரிப்பாங்க: உனக்குத் தெரிஞ்சது, உன்கிட்ட இருக்கறது, நீயே. பாஸ்வேர்டு முதல் வகை.

1960-கள் தொடக்கத்துல அமெரிக்காவுல எம்ஐடியில ஒரே கம்ப்யூட்டரைப் பல பேர் பகிர்ந்துக்க ஒரு சிஸ்டம் வச்சிருந்தாங்க. ஒவ்வொருத்தர் ஃபைலும் தனியா இருக்கறதுக்காக அதுல பாஸ்வேர்டு வந்தது. 1962-லயே அது கசிஞ்சிடுச்சு. ஆலன் ஷெர்ங்கற ஆராய்ச்சி மாணவருக்கு ஒதுக்கின கம்ப்யூட்டர் நேரம் பத்தலை. அவர் பாஸ்வேர்டு ஃபைலை பிரிண்ட் போடச் சொல்லி ஒரு கோரிக்கை கொடுத்தார், சிஸ்டமும் அழகா பிரிண்ட் போட்டுக் கொடுத்துடுச்சு. காரணம், அந்த ஃபைல்ல பாஸ்வேர்டு அப்படியே எழுத்து எழுத்தா இருந்தது.

அப்புறம்தான் ஹாஷ் வந்தது. மாவு அரைச்சா திரும்ப அரிசி ஆகாதுல்ல, அந்த மாதிரி ஒருவழிக் கணக்கு. சர்வர் அரிசியை வச்சுக்காது, மாவைத்தான் வச்சுக்கும். நீங்க அடுத்த தடவை பாஸ்வேர்டு கொடுக்கும்போது அதையும் அரைச்சு, ரெண்டு மாவும் ஒண்ணான்னு பார்க்கும். ஆனா ரெண்டு பேர் ஒரே பாஸ்வேர்டு வச்சிருந்தா மாவும் ஒண்ணா இருக்கும். பொதுவான பாஸ்வேர்டுகளை முன்கூட்டியே அரைச்சு வச்சுக்கிட்டு ஒப்பிட்டுப் பார்க்கற திருடனுக்கு அது வசதி. அதுக்காக ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து அரைக்கணும்னு யூனிக்ஸ்ல மோரிஸும் தாம்சனும் கொண்டு வந்தாங்க, 1979-ல அதைக் கட்டுரையாவே எழுதினாங்க. சால்ட்ங்கற பேர் விளையாட்டுக்கு வச்சது இல்லை.

நம்ம பக்கம் பிரச்சினை உப்புல இல்லை. எத்தனையோ காலேஜ் போர்ட்டல்ல யூசர்நேம் ரெஜிஸ்டர் நம்பர், பாஸ்வேர்டு பிறந்த தேதி. ரெஜிஸ்டர் நம்பர் வகுப்புல வரிசையா வரும். பிறந்த தேதி? நாமளே கேக் வெட்டி ஸ்டேட்டஸ் போட்டிருப்போம். இது பாஸ்வேர்டே இல்லை, ரெண்டாவது யூசர்நேம். இதை எந்த ஹாஷும் காப்பாத்தாது.

சின்ன விஷயம் ஒண்ணு. மாசாமாசம் பாஸ்வேர்டு மாத்து, ஒரு பெரிய எழுத்து, ஒரு நம்பர், ஒரு ஆச்சரியக்குறி போடுன்னு படுத்துற விதிகளை அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2017-லயே கைவிடச் சொல்லிடுச்சு. அப்படிக் கட்டாயப்படுத்தினா ஆளுங்க கடைசியில இருக்கற 1-ஐ 2 ஆக்குவாங்க, அவ்வளவுதான். நீளமா இருந்தா போதும், கசிஞ்ச பட்டியல்ல இல்லாம இருந்தா போதும்.

இருக்கறது

ஓடிபி ரெண்டாவது வகை. இந்தியாவுல ஆன்லைன்ல கார்டு பயன்படுத்தும்போது கார்டுல அச்சடிச்சது போதாது, கூடுதலா ஒரு சோதனை வேணும்னு ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட்ல கட்டாயமாக்குச்சு. அந்த விஷயத்துல நாம பல நாடுகளுக்கு முன்னாடி.

ஓடிபி உண்மையில எதை நிரூபிக்குது? "இந்த சிம் இந்த நேரத்துல என் கைக்கு எட்டற இடத்துல இருக்கு." அவ்வளவுதான். அதுல ரெண்டு ஓட்டை. ஒண்ணு எல்லாருக்கும் தெரியும்: ஓடிபி வாயால சொல்லிடக் கூடியது. "பேங்க்ல இருந்து பேசறேன்"னு ஒரு குரல் கேட்டா சொல்லிடறாங்க. டூப்ளிகேட் சிம் வாங்கிட்டா அதுவும் தேவையில்லை.

ரெண்டாவதைப் பத்தி யாரும் பேசறதில்லை. அந்த சிம் யார் கையில இருக்கு? நகரத்துல உட்கார்ந்து ஆப் எழுதறவங்க மனசுல ஆளுக்கு ஒரு போன். புதுக்கோட்டை மாவட்டத்து கிராமத்துல வாங்க. ஆயாவோட ஆதார்ல இருக்கற நம்பர் மகனோடது. மகன் சிங்கப்பூர்லயோ துபாய்லயோ திருப்பூர்லயோ வேலையில இருக்கார். ஓடிபி அங்க போய் அடிக்கும். அவர் சைட்ல இருந்தா போன் எடுக்க முடியாது. பத்து நிமிஷத்துல ஓடிபி காலாவதி. ஆயா கவுண்டர்ல நிக்குறாங்க. சிஸ்டம் லாக்ல என்ன பதிவாகும்? "யூசர் சரிபார்ப்பு தோல்வி." தப்பு யூசர் மேல விழுந்துடுச்சு பார்த்தீங்களா.

எஸ்எம்எஸ் இல்லாமலும் ஓடிபி வரும். அத்தென்டிகேட்டர் ஆப்ல 30 நொடிக்கு ஒருதரம் மாறுற ஆறு இலக்கம் பார்த்திருப்பீங்க. போன் ஏரோபிளேன் மோடுல இருந்தாலும் அது மாறும். எப்படி? முதல் தடவை கியூஆர் ஸ்கேன் பண்ணும்போது சர்வரும் உங்க போனும் ஒரு ரகசிய எண்ணைப் பகிர்ந்துக்குது. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் அந்த ரகசியத்தையும் இப்போதைய நேரத்தையும் சேர்த்து அரைச்சு, கடைசியில ஆறு இலக்கம் எடுக்கறாங்க. ரகசியம் ஒண்ணு, நேரம் ஒண்ணு, அதனால விடையும் ஒண்ணு. போன் கடிகாரத்தைச் சில நிமிஷம் தள்ளி வச்சுப் பாருங்க, விடை தப்பாகும். 2011-ல தரமாக்கப்பட்ட முறை. மினி புராஜெக்ட்டுக்கு அருமையான தலைப்பு, நூறு வரிக்குள்ள முடிஞ்சிடும்.

யுபிஐ இன்னும் கெட்டிக்காரத்தனமா பண்ணுது. நீங்க ஆப் போட்டதும் உங்க போன்ல இருந்து ஒரு எஸ்எம்எஸ் வெளியே போகும், கவனிச்சிருக்கீங்களா? ஓடிபி மாதிரி உள்ள வர்றது இல்லை, வெளியே போறது. அதை வச்சு இந்த சிம்மும் இந்த போனும் ஒரே ஜோடின்னு கட்டிப் போடறாங்க. அதுக்கு மேல பின் நம்பர். ஆக, இருக்கறது ஒண்ணு, தெரிஞ்சது ஒண்ணு. வீட்ல பெரியவங்களுக்கு ஒரே ஒரு வரி சொல்லிக் கொடுங்க: காசு வாங்க பின் நம்பர் தேவையே இல்லை, கேட்டா திருடன்.

நீயே

இப்பதான் விஷயத்துக்கு வர்றேன். கைரேகை.

பாஸ்வேர்டுக்கும் கைரேகைக்கும் ஒரு அடிப்படை வித்தியாசம் இருக்கு. பாஸ்வேர்டு ஒண்ணு சரி, இல்லைன்னா தப்பு. ஒரு எழுத்து மாறினாலும் மாவு வேற. கைரேகை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேற மாதிரிதான் விழும். அழுத்தம் மாறும், கோணம் மாறும், ஈரம் மாறும். அதனால அதை ஹாஷ் பண்ணி ஒப்பிட முடியாது. மெஷின் என்ன பண்ணுதுன்னா, ரேகை எங்க முடியுது, எங்க ரெண்டாப் பிரியுதுங்கற புள்ளிகளை எடுத்து, பழைய புள்ளிகளோட எவ்வளவு பொருந்துதுன்னு ஒரு மதிப்பெண் போடுது. அந்த மதிப்பெண் ஒரு கோட்டுக்கு மேல இருந்தா "ஆம்", கீழ இருந்தா "இல்லை".

அந்தக் கோட்டை எங்க போடறது? இதுதான் மொத்தப் பாடமும். கோட்டை மேலே ஏத்தினா திருடன் உள்ள வர மாட்டான், ஆனா உண்மையான ஆளும் சில நேரம் வெளிய நிப்பார். கீழே இறக்கினா உண்மையான ஆள் சுலபமா வருவார், கூடவே தப்பான ஆளும் வருவான். ரெண்டு தப்பையும் ஒரே நேரத்துல பூஜ்யமாக்க முடியாது. சென்சார் நல்லதா இருந்தா ரெண்டும் குறையும், ஆனா கோடு எங்கன்னு ஒரு மனுஷன் உட்கார்ந்து முடிவு பண்ணியே ஆகணும்.

உங்க போனுக்கு அந்த முடிவு சுலபம். டச் ஐடியில வேற யாரோ ஒருத்தர் விரல் தற்செயலாப் பொருந்த வாய்ப்பு 50,000-ல ஒண்ணு, ஃபேஸ் ஐடியில 10 லட்சத்துல ஒண்ணுன்னு ஆப்பிள் சொல்லுது. உண்மையான உங்களையே அது மறுத்தா? கையைத் துடைச்சுட்டு மறுபடி வைப்பீங்க. அதுவும் ஆகலைன்னா பின் போடுவீங்க. இழப்பு மூணு நொடி.

இதே கோட்டை ரேஷன் கடையில போடுங்க. தமிழ்நாட்டுல 2017-ல ஸ்மார்ட் கார்டு வந்தது, 2020 அக்டோபர்ல 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தோட விரல் வைக்கற முறை வந்தது. வரிசையில நிக்கறவங்க விரலைப் பாருங்க. வயசானா தோல் வறண்டு ரேகை மங்கும். சிமென்ட் கலக்கற கையில சுண்ணாம்புச் சத்து தோலை அரிச்சிடும். கல் உடைக்கற கை, நாத்து நடற கை, பாத்திரம் தேய்க்கற கை எல்லாம் அப்படித்தான். எங்க தெருவுல ஒரு அப்பத்தா இருக்காங்க, காலம் பூரா கல்குவாரி வேலை. அவங்க பெருவிரல் கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கும். மெஷின்ல நாலு விரலும் வச்சுப் பார்த்துட்டு, "எனக்கு ரேகையே இல்லையாம்டா"ன்னு சிரிப்பாங்க. அவங்க யாருன்னு தெருவுக்கே தெரியும், கடைக்காரருக்கும் தெரியும். தெரியாதது மெஷினுக்கு மட்டும்தான், ஆனா முடிவு மெஷின் கையில.

இது ஒரு அப்பத்தா கதை மட்டும் இல்லை. 2018 மார்ச்ல உச்ச நீதிமன்றத்துல ஆதார் வழக்கு நடந்தப்ப, ஆணையமே ஒரு கணக்கு கொடுத்தது: அரசு சேவைகள்ல சரிபார்ப்பு வெற்றி 88 சதவீதம், பேங்க்ல 95, டெலிகாம்ல 97. அதாவது அரசு சேவையில நூத்துக்கு 12 முயற்சி தோல்வி. இதைக் கவனமாப் படிக்கணும். 12 முயற்சின்னா 12 ஆள் இல்லை, ஒருத்தரே ரெண்டாவது தடவை ஜெயிச்சிருக்கலாம். ஆனா வரிசையைப் பாருங்க. சிம் வாங்கறவங்களுக்குத் தோல்வி கம்மி, அரிசி வாங்கறவங்களுக்கு அதிகம். யாருக்கு அது அதிகம் தேவையோ அவங்க விரல்தான் அதிகம் தேஞ்சிருக்கு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. தமிழ்நாட்டுல 2 கோடிக்கு மேல ரேஷன் அட்டை. எல்லா முயற்சிக்கும் அப்புறமும் ஒரு சதவீதம் மட்டும் தோத்துப் போகுதுன்னு வைங்க. புராஜெக்ட் ரிவ்யூல 99 சதவீதம்னா கைதட்டுவாங்க. அந்த மிச்சம் ஒண்ணு, 2 லட்சம் குடும்பம்.

தப்பான பொருத்தத்தோட விலை என்னன்னு நமக்குச் சிலப்பதிகாரம் சொல்லிடுச்சு. கோவலன் கையில இருந்த சிலம்பு அரசியோட சிலம்பு மாதிரியே வெளியில இருந்தது. பொற்கொல்லன் சொன்னான், பாண்டியன் உள்ள பார்க்கலை. சரியான சோதனை கண்ணகி வந்து உடைச்ச அப்புறம்தான் நடந்தது: அரசியோடதுல முத்து, இவளோடதுல மாணிக்கம். சோதனை ரொம்ப நல்லாத்தான் இருந்தது, நேரம்தான் தப்பு. தீர்ப்பு நிறைவேறின பிறகு மேல்முறையீடு. சிஸ்டம் டிசைன் கிளாஸ்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கலை.

சட்டம் இதை யோசிக்காம இல்லை. விரல் பதியலைங்கற காரணத்துக்காக யாருக்கும் சலுகை மறுக்கக் கூடாது, மாற்று வழி வச்சே ஆகணும்னு 2017 அக்டோபர்ல ஆதார் ஆணையம் சுற்றறிக்கை விட்டது. தமிழ்நாட்டுல வயசானவங்க தனக்குப் பதிலா இன்னொருத்தரை நியமிச்சுப் பொருள் வாங்கலாம், கருவிழி மெஷினும் கடைகளுக்கு வந்தது. 2025 ஆகஸ்ட்ல தாயுமானவர் திட்டம்னு 70 வயசு தாண்டினவங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே கொண்டு போய்க் கொடுக்க ஆரம்பிச்சாங்க. என் கருத்து என்னன்னா, அந்த சென்சாரை விட இந்த மாற்று வழிகள்தான் பெரிய பொறியியல். ஆனா இதுல எதுவும் ஆல்காரிதத்துக்குள்ள இல்லை. வெளியில மனுஷங்க ஒட்டுப் போட்டது.

கைரேகையோட இன்னொரு பக்கமும் இருக்கு. பாஸ்வேர்டு கசிஞ்சா மாத்தலாம். விரல் பத்துதான். 2018-ல தெலங்கானாவுல ஒரு சிம் வியாபாரி நிலப் பத்திரங்களை ரெஜிஸ்ட்ரேஷன் வெப்சைட்ல இருந்து இறக்கி, அதுல இருந்த பெருவிரல் ரேகையை ரப்பர்ல அச்செடுத்து, சிம் ஆக்டிவேட் பண்ணினது வெளியே வந்தது. பிறகு அதே வித்தையை விரல் வச்சுப் பணம் எடுக்கற மைக்ரோ ஏடிஎம்கள்லயும் பண்ணாங்க. ஓடிபி இல்லை, பின் இல்லை, பேங்க் பேரும் ஆதார் நம்பரும் விரலும் போதும். யோசிச்சுப் பாருங்க, நிஜ விரலைத் தள்ளுற மெஷின் ரப்பர் விரலை ஏத்துக்குது. பத்திரத்துல இருந்த ரேகை நல்லா இருந்த காலத்துல வச்சது! 2023-ல ஆணையம் புள்ளிகளோட கூட விரலோட படத்தையும் பார்த்து, உயிருள்ள விரலான்னு சோதிக்கற முறையைக் கொண்டு வந்தது அதனாலதான்.

முகம் கொஞ்சம் பரவாயில்லை. ஓய்வூதியம் வாங்கறவங்க வருஷா வருஷம் "உயிரோட இருக்கேன்"னு காட்டணும் இல்லையா? 2014 நவம்பர்ல ஜீவன் பிரமாண் வந்தப்ப விரல் இல்லைன்னா கருவிழி. 2021 நவம்பர்ல இருந்து வீட்ல பேரன் போன்லயே முகம் காட்டி முடிக்கலாம். விரல் தேஞ்சவங்களுக்கு இது நிஜமான விடுதலை. கோடு எங்க போடறதுங்கற கேள்வி மட்டும் இங்கயும் அப்படியே இருக்கு.

எதிரொலி

அறிவர் கோயில் கருவறைக்குள்ள நின்னு தாழ்ந்த குரல்ல "ம்ம்"னு இழுத்துப் பாருங்க, அறை முழுக்க அதிரும். காவலரே பல பேருக்குச் செய்து காட்டுவார். பாஸ்வேர்டும் ஒரு வகையில அந்த மாதிரி. அதே ஒலி, அதே பதில், எத்தனை தடவை கேட்டாலும். அதனாலதான் ஒட்டுக் கேட்டவன் திரும்பச் சொல்லி உள்ள வந்துடறான்.

பாஸ்கீ இதை மாத்துது. உங்க போன் ஒரு ஜோடிச் சாவி உருவாக்கும். ஒண்ணு ரகசியம், போனை விட்டு சர்வருக்குப் போகாது. இன்னொண்ணு பொது, அது சர்வர்ல இருக்கும். லாகின் பண்ணும்போது சர்வர் ஒவ்வொரு தடவையும் ஒரு புது எண்ணை அனுப்பும். போன் ரகசியச் சாவியால அதுல கையெழுத்துப் போட்டு அனுப்பும். சர்வர் பொதுச் சாவியை வச்சுக் கையெழுத்தைச் சரிபார்க்கும். நேத்து கேட்ட பதில் இன்னிக்குச் செல்லாது. சர்வரைக் கொள்ளையடிச்சாலும் கிடைக்கறது பொதுச் சாவிதான், அதை வச்சு எதுவும் பண்ண முடியாது. இன்னும் அழகு என்னன்னா, கையெழுத்துக்குள்ள வெப்சைட்டோட முகவரியும் சேர்ந்திருக்கும். ஒரு எழுத்து மாத்தின போலி பேங்க் சைட்டுக்கு நீங்க ஏமாந்தாலும் போன் ஏமாறாது. அங்க வச்ச விரல் உங்க போனுக்குள்ளயே சாவியைத் திறக்க மட்டும்தான், எந்த சர்வருக்கும் போகலை. 2019 மார்ச்ல இது இணையத் தரமாச்சு, 2022-க்கு அப்புறம் போன்கள்ல பரவலா வந்தது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச முறை. ஆனா போன் தொலைஞ்சா? வேற போன்ல, கிளவுட்ல படி இருக்கலாம். அதுவும் இல்லைன்னா, "பாஸ்கீ மறந்துட்டேன்"னு ஒரு லிங்க், அதை அமுக்கினா எஸ்எம்எஸ்ல ஒரு ஓடிபி. முன் கதவுக்கு எட்டு பூட்டு, கொல்லைக் கதவுக்கு ஒரு கயிறு. வீட்டுக்கே ஒரு போன் இருக்கற இடத்துல பாஸ்கீ யாருக்குச் சொந்தம்னும் நாம இன்னும் யோசிக்கலை.

ஃபைனல் இயர் மக்களுக்கு

இந்த வருஷமும் நாலஞ்சு டீமாவது முகம் பார்த்து அட்டெண்டன்ஸ் போடற புராஜெக்ட் எடுத்திருப்பீங்க. தப்பில்லை. ஆனா ரிப்போர்ட்ல 'துல்லியம் 97 சதவீதம்'னு ஒரே ஒரு எண்ணைப் போட்டு நிறுத்தாதீங்க. ரெண்டு எண்ணா உடைங்க: வராதவனை எத்தனை தடவை வந்ததா எழுதுச்சு, வந்தவனை எத்தனை தடவை வரலைன்னு எழுதுச்சு. கோட்டை அஞ்சு இடத்துல போட்டுப் பார்த்து, ரெண்டு எண்ணும் எப்படி எதிரெதிரா நகருதுன்னு ஒரு கிராஃப் போடுங்க. அப்புறம் அந்த ரெண்டாவது வகையில விழுந்தவங்க யாருன்னு பேர் பேரா எடுத்துப் பாருங்க. கறுத்த நிறத்துப் பசங்களா, கண்ணாடி போட்டவங்களா, முக்காடு போட்டவங்களா? ஒரே மாதிரி ஆளுங்க திரும்பத் திரும்ப வந்தா அது தற்செயல் இல்லை. 75 சதவீதம் அட்டெண்டன்ஸ் இல்லைன்னா பரீட்சை எழுத முடியாதுங்கறது உங்களுக்கே தெரியும்.

அடுத்து, அந்தப் பையன் "சார், நான் வந்திருந்தேன்"னு சொல்ல ஒரு பட்டன் இருக்கா? அதை யார் பார்ப்பாங்க, எத்தனை நாளுக்குள்ள? டயக்ராம்ல 'இல்லை'ங்கற அம்புக்குறியை நாம எப்பவும் ஒரு சின்ன வட்டத்துல 'முடிவு'ன்னு போட்டு மூடிடுவோம். அங்க இன்னும் நாலு பெட்டி வரையணும்.

இந்த வாரக் கடைசி ஊருக்குப் போறவங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். தாத்தா பாட்டி ஆதார்ல எந்த மொபைல் நம்பர் இருக்குன்னு பாருங்க. பழைய நம்பரா இருந்தா ஆதார் மையத்துக்குக் கூட்டிட்டுப் போய் மாத்துங்க, கையோட கருவிழியும் புதுசாப் பதிஞ்சு வாங்க. நம்பர் சரியா இருந்தா மைஆதார் தளத்துல ஓடிபி போட்டு உள்ள போய், கடந்த ஆறு மாசத்துல அவங்க ஆதார் எங்க எல்லாம் சரிபார்க்கப்பட்டிருக்குன்னு பாருங்க, 50 பதிவு வரைக்கும் காட்டும். அவங்க போகாத இடம் ஒண்ணு அதுல இருந்தா உடனே 1947-க்கு போன் பண்ணுங்க. விரலைப் பயன்படுத்தாத நாள்ல பயோமெட்ரிக் லாக் போட்டு வைக்கலாம். ரேஷன் வாங்கற அன்னிக்கு மட்டும் மறக்காம திறந்து விடுங்க.